மேஜை டிராயரில் ஒரு வணக்கம்

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டில் பிள்ளைகளுடைய கீ-போர்டு இருந்தால் பரணிலிருந்து இறக்குங்கள். (இரண்டு மாதம் கிளாஸுக்குப் போய்விட்டு நிறுத்திய கீ-போர்டு அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும்!) ஏதாவது ஒரு கட்டையை அமுக்குங்கள். அங்கிருந்து கறுப்பு, வெள்ளை எல்லாவற்றையும் வரிசையாக எண்ணிக்கொண்டே போனால், பன்னிரண்டு முடிந்து பதின்மூன்றாவது கட்டையில் பழைய சுரமே கொஞ்சம் உயரத்தில் நின்றுகொண்டு உங்களைப் பார்க்கும். ஆக, உலகத்தில் இருப்பதே பன்னிரண்டுதான். நம் கர்நாடக சங்கீத சுரஸ்தானங்களும் பன்னிரண்டுதான். தியாகராஜரும் பீத்தோவனும் இந்தப் பன்னிரண்டுக்குள்தான் குடித்தனம் நடத்தினார்கள்.

இப்போது ஒரு நிபந்தனை. அந்தப் பன்னிரண்டில் ஒரே ஒரு சுரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி எங்கே வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஆனால், அதே சுரம்தான். ‘ஸ’ என்றால் ‘ஸ’ மட்டும். இதை வைத்து ஒரு முழுப் பாட்டு போட முடியுமா?

‘என்ன சார் விளையாடுகிறீர்களா’ என்று கேட்பீர்கள். 1951-ல் புடாபெஸ்ட் நகரத்தில் 28 வயது இளைஞர் ஒருவர் ஏறக்குறைய இதே கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பதிலும் எழுதினார். ‘ஏ’ என்கிற ஒரே சுரத்தை மேலும் கீழும் அடித்து, வேகம் கூட்டி, தாளத்தை உடைத்து, மூச்சு முட்ட ஓடவைத்து, கடைசியில் ஒரே ஒரு தடவை ‘டி’ என்கிற இன்னொரு சுரம். அவ்வளவுதான், பாட்டு முடிந்தது. அந்தக் கடைசி ‘டி’ வந்து விழும்போது, ரொம்ப நேரம் பூட்டிய அறையில் இருந்தவனுக்கு யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். யூடியூபில் கேட்டுப் பாருங்கள், நான் மிகைப்படுத்தவில்லை என்பது தெரியும்.

அந்த இளைஞரின் பெயர் ஜியார்ஜ் லிகெட்டி. மொத்தம் பதினோரு குட்டிப் பாடல்கள். முதலாவதில் இரண்டு சுரம், இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் நான்கு... இப்படியே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போய், பதினோராவதில் பன்னிரண்டு சுரங்களும் ஆஜர். 1953-ல் முடித்தார். தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் ‘முஸிக்கா ரிசர்காட்டா’. ‘தேடிக் கண்ட இசை’ என்று சொல்லலாம். பன்னிரண்டும் வந்து சேர்ந்த அந்தக் கடைசிப் பாடலின் தலைப்பு: ஜிரோலமோ ஃப்ரெஸ்கோபால்டிக்கு வணக்கம்.

யார் இந்த ஃப்ரெஸ்கோபால்டி? லிகெட்டி பிறப்பதற்கு 280 வருஷம் முன்னால் செத்துப்போன ஓர் இத்தாலிக்காரர். ரோமில் ஆர்கன் வாசித்தவர். கம்யூனிஸ்ட் ஹங்கேரியில், ஸ்டாலின் படம் மாட்டாத சுவரே இல்லாத ஊரில், ஒரு யூத இளைஞன் போப்பாண்டவரின் கோயிலில் ஆர்கன் வாசித்தவருக்கு எதற்காக வணக்கம் வைக்க வேண்டும்? அதையும் யாரும் பார்க்க முடியாதபடி மேஜை டிராயருக்குள்!

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1945, இலையுதிர் காலம். இரண்டாம் உலகப்போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. குண்டுவீச்சில் புடாபெஸ்ட் பாதி இடிந்து கிடந்தது. ட்ரான்ஸில்வேனியா பக்கத்திலிருந்து இரண்டு பையன்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். இருவரும் ருமேனியாவில் பிறந்த, ஹங்கேரி மொழி பேசும் யூதர்கள். மூத்தவர் லிகெட்டி. இளையவர் ஜியார்ஜ் குர்டாக், 1926-ல் லுகோஜ் என்ற ஊரில் பிறந்தவர்.

லிகெட்டியின் கதையை விலாவாரியாகச் சொல்ல மனசு வரவில்லை. 1944-ல் அவரைக் கட்டாய உழைப்புக்கு இழுத்துப்போனார்கள். தம்பி காபோர், வயது பதினாறு, மௌத்ஹவுஸன் முகாமில் இறந்தான். அப்பா பெர்கன்-பெல்ஸன் முகாமில். கண் டாக்டரான அம்மா மட்டும் ஆஷ்விட்ஸுக்குப் போய் உயிரோடு திரும்பி வந்தார். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் இந்தப் பிள்ளை சங்கீதப் பரீட்சை எழுத வந்து நிற்கிறது.

இரண்டு பேரும் வந்து நின்ற இடம் ஃப்ரான்ஸ் லிஸ்ட் இசைக் கல்லூரி. வந்த காரணமும் ஒன்றே. பேலா பார்டோக்! ஹங்கேரியின் மிகப்பெரிய இசை மேதை. போர்க்காலத்தில் அமெரிக்காவுக்குப் போனவர் எப்படியும் திரும்பி வருவார், அவரிடம் கற்றுக்கொள்ளலாம் என்ற கனவோடு நுழைவுத் தேர்வுக்கு வந்தவர்கள் தலையை நிமிர்த்திப் பார்த்தால், கல்லூரிக் கட்டடத்தில் கறுப்புக் கொடி தொங்குகிறது. செப்டம்பர் 26-ம் தேதி நியூயார்க்கில் பார்டோக் இறந்துவிட்டார்.

குரு போய்விட்டார். சிநேகிதன் கிடைத்தான். அன்றைக்கு ஆரம்பித்த லிகெட்டி - குர்டாக் நட்பு, 2006-ல் லிகெட்டி வியன்னாவில் இறக்கும்வரை நீடித்தது.

முதல் மூன்று வருஷம் மோசமில்லை. பிறகு, 1948-ல் மாஸ்கோவிலிருந்து ஓர் ஆணை கிளம்பியது. ஸ்டாலினின் கலாசாரக் காவலர் ஷ்தானவ் முன்னின்று நடத்திய வேலை. ஷோஸ்டகோவிச், புரோகோஃபியவ் மாதிரி மகா மேதைகளையே நிற்கவைத்து, ‘உங்கள் இசை மக்களுக்குப் புரியவில்லை’ என்று திட்டித் தீர்த்தார்கள். குற்றத்தின் பெயர் ‘ஃபார்மலிஸம்’. அதற்கு இன்னதுதான் அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் பலமே!

அடுத்த ஓரிரு வருஷத்தில் ஹங்கேரியிலும் அதே கதை. இசை எப்படி இருக்க வேண்டும்? கேட்டதும் முணுமுணுக்க வர வேண்டும். உற்சாகமாக இருக்க வேண்டும். நாட்டுப்புற மெட்டாக இருந்தால் ரொம்ப நல்லது. அபஸ்வரம் கூடாது, துக்கம் கூடாது, குழப்பம் கூடவே கூடாது. கறுப்புக் கொடி ஏற்றி அழுதார்களே, அந்த பார்டோக்கின் படைப்புகள் பலவற்றையே வானொலியில் ஒலிபரப்பாமல் நிறுத்திவிட்டார்கள். செத்தவருக்கே அந்த கதி என்றால் உயிரோடு இருப்பவன் என்ன செய்வான்?

லிகெட்டி செய்தது இரட்டை வாழ்க்கை. 1950 முதல் அதே லிஸ்ட் கல்லூரியில் ஆசிரியர். பகலில் மாணவர்களுக்கு ஹார்மனியும் கவுன்ட்டர்பாயின்ட்டும் சொல்லிக்கொடுப்பார். வெளியே காட்டுவதற்கு நாட்டுப்புறப் பாடல்களைக் கோரஸுக்கு அமைத்துக்கொடுப்பார். ராத்திரியில் தனக்காக எழுதுவார். எழுதியதை மடித்து டிராயரில் போட்டுப் பூட்டுவார். மேல்நாட்டில் புதுசாக என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது. வெளிநாட்டு வானொலியைத் திருப்பினால், அரசாங்கம் ஏற்படுத்தும் ‘ஜாமிங்’ இரைச்சல்தான் பாதி கேட்கும். ஷோன்பெர்க் என்பவர் பன்னிரண்டு சுரங்களையும் சமமாக வைத்து ஏதோ புது முறை கண்டுபிடித்திருக்கிறார் என்பது கேள்விப்பட்ட சமாசாரம், அவ்வளவே.

சரி, யாரும் சொல்லித்தர வேண்டாம், நானே பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார் மனுஷர். ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? இன்னொன்று சேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு குழந்தை கட்டைகளைக் கண்டுபிடிக்கிற மாதிரி!

ஆனால், இந்தக் குழந்தை விவகாரமான குழந்தை. இரண்டாவது பாடலில் மூன்றே சுரம். அதில் முதல் இரண்டும் அடுத்தடுத்த கட்டைகள். கிணற்றைச் சுற்றும் மாடு மாதிரி அந்த இரண்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. திடீரென்று மூன்றாவது சுரம் ஒற்றையாக, படார் படார் என்று குத்துகிறது. பிற்காலத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது, அது ஸ்டாலினின் நெஞ்சில் இறக்கிய கத்தி என்று பதில் சொன்னார் லிகெட்டி. இதை நீங்களே கேட்டிருக்கவும் கூடும். ஸ்டான்லி குப்ரிக்கின் கடைசிப் படமான ‘ஐஸ் வைட் ஷட்’ (1999) பார்த்தீர்களா? டாம் க்ரூஸ் மிரண்டுபோகும் இடங்களில் வயிற்றைப் பிசைகிற மாதிரி ஒற்றை பியானோ ஒலிக்குமே, அதுதான். டி.வி.டி-யில் பார்த்தபோது ஹாலிவுட்காரர்கள் படத்துக்கென்றே போட்ட பின்னணி இசை என்றுதான் நானும் நினைத்தேன். இப்படி ஒரு கத்தி அதற்குள் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

இனி ஃப்ரெஸ்கோபால்டி.

1583-ல் இத்தாலியின் ஃபெராரா நகரத்தில் பிறந்தவர். 1608-ல் ரோம், புனித பேதுரு பேராலயத்தின் ஆர்கன் கலைஞராக நியமனம். வயது 25 தான். அவருடைய முதல் வாசிப்பைக் கேட்க முப்பதாயிரம் பேர் திரண்டார்கள் என்று பிற்காலத்துக்காரர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். நம்ப வேண்டாம். நம் ஊர் மாநாட்டுக் கணக்கு மாதிரிதான் இதுவும். ஆனால், அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஆர்கன், ஹார்ப்ஸிகார்டு இரண்டிலும் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது நிஜம்.

1635-ல் வெனிஸ் நகரத்தில் அச்சான அவருடைய புத்தகம் ‘ஃபியோரி முஸிக்காலி’. இசை மலர்கள். தேவாலய வழிபாட்டின்போது இடையிடையே ஆர்கனில் வாசிக்க வேண்டிய சின்னச் சின்ன உருப்படிகள். சில ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்தான். பூஜை நேரம் நீண்டால் நீட்டிக்கொள்ளலாம், பாதிரியார் முடித்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்கிற வசதியோடு எழுதப்பட்டவை. இதில் ‘ரிசர்கார்’ என்று ஒரு வகை. தேடுவது என்று அர்த்தம். ஒரு சின்னக் கருவை எடுத்துக்கொண்டு, ஒரு குரல் ஆரம்பிக்க, அடுத்த குரல் அதையே பிடித்துக்கொள்ள, மூன்றாவது, நான்காவது என்று ஒன்றை ஒன்று துரத்தும். அப்போஸ்தலர் வழிபாட்டுக்கான பகுதியில் வரும் ஒரு ரிசர்காரில் அந்தக் கரு அடுத்தடுத்த கட்டைகளில், அரை அரை ஸ்தானமாக நகருகிறது. ‘குரோமாட்டிக்’ என்பார்கள். 1635-ல் அது நெருடலான, வினோதமான நடை. கேட்டால் தரை லேசாக நழுவுகிற மாதிரி இருக்கும். இதைத்தான் லிகெட்டி மாதிரியாக எடுத்துக்கொண்டார்.

அதே புத்தகத்தில் இன்னொரு விஷமமும் உண்டு. மாதா வழிபாட்டுக்கான ஒரு ரிசர்காரில் ஆர்கன் வாசிப்பவர் நான்கு குரல்களைக் கையால் வாசிக்க வேண்டும். ஐந்தாவது குரலை வாயால் பாட வேண்டும். அந்த ஐந்தாவது குரலின் சுரங்களை மட்டும் தனியே கொடுத்திருக்கிறார். எங்கெங்கே அதை நுழைக்க வேண்டும் என்று எழுதவில்லை! நீங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். புரிகிறவர்களுக்குப் புரியட்டும், எனக்குப் புரிந்திருக்கிறது என்கிற தொனியில் ஒரு குறிப்பு வேறு.

எழுதியிருந்தும் எழுதப்படாத ஒரு குரல். டிராயர் இல்லாமலேயே ஒளித்துவைக்கிற வித்தை அது. லிகெட்டி இதைப் பார்த்துச் சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆதாரம் கேட்காதீர்கள், இது என் சொந்த ஆசை.

இந்தப் புத்தகத்துக்கு இன்னொரு ரசிகர் இருந்தார். 1714-ல், ஜெர்மனியின் வைமர் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு 29 வயது இசைக்காரர் இதன் பிரதி ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, தன் பெயரையும் வருஷத்தையும் எழுதிவைத்தார். பெயர், யோஹன் செபாஸ்டியன் பாஹ். (1986-ல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தில் தன் வீட்டில் சந்தித்ததாகச் சொன்னாரே, அதே பாஹ்தான்.) நூறு பக்கத்துக்கு மேற்பட்ட அந்தக் கையெழுத்துப் பிரதி இருநூறு வருஷத்துக்கு மேல் பத்திரமாக இருந்து, இரண்டாம் உலகப்போரில் பெர்லினில் காணாமல் போனது. லிகெட்டியின் தம்பியை விழுங்கிய அதே போர்.

பதினோராவது பாடலுக்கு வருவோம். பன்னிரண்டு சுரங்களும் ஒன்றுவிடாமல் வருகிற ஒரு நீண்ட கரு, தனியாக, ஒரே சீரான நடையில், யாரோ இருட்டில் படியிறங்குகிற மாதிரி ஆரம்பிக்கிறது. அடுத்த குரல் சேர்கிறது. அடுத்தது. பகட்டு இல்லை, வேகம் இல்லை, சத்தம் போட்டு அழுவது இல்லை. ஒரு பழைய தேவாலய உருப்படியின் அத்தனை அடக்கமும் இருக்கிறது. ஆனால், உள்ளே பன்னிரண்டு சுரமும் சம உரிமையோடு உலாவுகின்றன. எந்த விஷயத்தை அந்த நாட்டில் வாயால் சொன்னால்கூட வேலை போகுமோ, அந்த இடத்துக்கு லிகெட்டி போய்ச் சேர்ந்துவிட்டார். பாரிஸ், வியன்னா வழியாக அல்ல. 1635 வழியாக!

முன்னால் போகிற பாதையை அடைத்துவிட்டார்கள். பின்னால் போகிற பாதையை அடைக்க எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை. அந்தப் பக்கமாக நடந்து எதிர்காலத்துக்கு வந்துவிட்டார் லிகெட்டி. அந்த வணக்கத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

வந்து என்ன பயன்? வாசிக்க முடியாதே. 1953 மார்ச்சில் ஸ்டாலின் செத்தார். பிடி கொஞ்சம் தளர்ந்தது. பதினொன்றில் ஆறு பாடல்களை லிகெட்டி ஐந்து காற்று வாத்தியங்களுக்காக மாற்றி எழுதியிருந்தார். 1956-ல் அவை மேடையேறின. ஆறு இல்லை, ஐந்துதான்! பத்தாவது பாடலிலிருந்து எடுத்திருந்த ஆறாவதை மட்டும் விட்டுவிட்டார்கள். காரணம், அதில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமுக்கும்போது வரும் உரசல் அதிகமாம். அபாயமாம். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் உரசினால் ஒரு சர்க்கார் பயப்படுகிறது... யோசித்துப் பாருங்கள்.

ஃப்ரெஸ்கோபால்டி வணக்கம் இந்த ஆறிலேயே கிடையாது.

அதே 1956 அக்டோபரில் ஹங்கேரி மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள் நுழைந்தன. எல்லோரும் நிலவறைகளில் பதுங்கியிருந்த நேரத்தில் லிகெட்டி மட்டும் மேலே உட்கார்ந்து வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார். ஜாமிங் நின்றுபோயிருந்தது. கொலோன் நகரத்திலிருந்து ஸ்டாக்ஹவுஸனின் மின்னணு இசை தெளிவாகக் கேட்டது. வெளியே வெடிச்சத்தம், உள்ளே ஸ்டாக்ஹவுஸன். பைத்தியமா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் பைத்தியம்தான்.

டிசம்பரில் மனைவி வேராவுடன் ஓடினார். தபால் ரயிலில், தபால் மூட்டைகளுக்கு அடியில் ஒளிந்துகொண்டு எல்லைப் பக்கம் வரை. பிறகு நடை. ஆஸ்திரியா. எழுதிய காகிதங்களில் பெரும்பகுதி புடாபெஸ்ட்டிலேயே தங்கிவிட்டது. பதினோரு பாடல்களும் முழுசாக முதன்முதலில் ஒரு மேடையில் ஒலித்தது 1969-ல், ஸ்வீடனில். எழுதி முடித்துப் பதினாறு வருஷம் கழித்து.

குர்டாக் ஓடவில்லை.

அவர் கதை வேறு மாதிரி. 1957-ல் அனுமதி வாங்கிக்கொண்டு பாரிஸுக்குப் படிக்கப் போனார். மெஸ்ஸியான் வகுப்பு, மியோ வகுப்பு. ஆனால், ஒரு வரி எழுத வரவில்லை. உள்ளுக்குள் எல்லாம் நொறுங்கிக் கிடந்தது. அரிசிச் சோற்றைத் தின்றுகொண்டு, அறையில் உட்கார்ந்து தீக்குச்சிகளை அடுக்கி உருவம் செய்துகொண்டிருந்தாராம். கடைசியில் மரியான் ஸ்டைன் என்ற உளவியலாளரிடம் போனார். அந்த அம்மாள் சொன்ன வைத்தியம் எளிமையானது: பெரிசாக எதுவும் வேண்டாம். இரண்டு சுரத்தை மட்டும் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்.

ஆறு வருஷம் முன்னால் லிகெட்டி தானாகவே போய் நின்ற அதே இடம்! ஊர் திரும்பிய குர்டாக் 1959-ல் ஒரு நால்வர் இசை எழுதி, அதற்கு ‘முதல் படைப்பு’ என்று எண் கொடுத்து, அந்த அம்மாளுக்கே காணிக்கையாக்கினார். அதற்கு முன்னால் எழுதியதையெல்லாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

1973-ல் பியானோ டீச்சர் ஒருவர், குழந்தைகளுக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ‘யாட்டேகோக்’. ஹங்கேரி மொழியில் ‘விளையாட்டுகள்’. 1979-ல் முதல் நான்கு தொகுதிகள் வந்தன. பிறகு வளர்ந்துகொண்டே போய், 2021-க்குள் பத்தைத் தொட்டது. எல்லாம் குட்டி குட்டி. சில அரை நிமிஷம்கூட இல்லை. முதல் பக்கங்களில் விரலுக்கே வேலை கிடையாது. உள்ளங்கையால் அடி, முழங்கையால் அமுக்கு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வழித்துக்கொண்டு போ! ஒரு மூன்று வயசுக் குழந்தை பியானோவைப் பார்த்ததும் என்ன செய்யுமோ, அதை அப்படியே பாடமாக்கிவிட்டார். சாய்கோவ்ஸ்கிக்கு ஒரு வணக்கம் இருக்கிறது. அந்தப் புகழ்பெற்ற கான்செர்ட்டோவின் ஆரம்பத்தை இரண்டு உள்ளங்கையாலும் தொம் தொம் என்று அடிக்க வேண்டும். கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது. பாஹுக்கும் ஒரு வணக்கம் உண்டு. இந்த வரிசையில்தான் டொமினிகோ ஸ்கார்லாட்டிக்கும் ஒன்று.

ஸ்கார்லாட்டியைப் பற்றிச் சொல்லாமல் தாண்டிப்போனால் பாவம். 1685-ல் நேப்பிள்ஸில் பிறந்தவர். அதே வருஷம்தான் பாஹும் ஹாண்டலும் பிறந்தார்கள். என்ன ராசியோ! போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசி மரியா பார்பராவுக்கு இசை ஆசிரியர். 1729-ல் அந்தப் பெண்ணை ஸ்பெயின் இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வாத்தியாரும் சீதனம் மாதிரி கூடவே போனார். அதோடு சரி, சாகும்வரை ஸ்பெயின். அரண்மனையில் வேறு ஒரு இத்தாலியர் கொடிகட்டிப் பறந்தார். பாடகர் ஃபாரினெல்லி. மன நோயால் அவதிப்பட்ட ராஜாவுக்கு ராத்திரிதோறும் பாடி மருந்து கொடுத்தவர். ஊரெல்லாம் அவரைப் பற்றித்தான் பேச்சு. ஸ்கார்லாட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்பாட்டுக்குத் தன் மாணவி ஒருத்திக்காக எழுதிக்கொண்டிருந்தார். மொத்தம் 555 சொனாட்டாக்கள்! பெரும்பாலானவை நான்கைந்து நிமிஷம்தான். இடது கை வலது கையைத் தாண்டிக் குதித்துப் போய் உச்சியில் ஒரு கட்டையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். தெருவோர கிடார் வேண்டுமென்றே அபஸ்வரத்தை உரசிக்கொண்டு நுழையும். சூதாட்டக் கடனை ராணி அடைத்ததால், அதற்கு ஈடாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார் என்று ஒரு வதந்தி. உண்மையோ பொய்யோ, ராணிக்கு நஷ்டமில்லை.

1738 வாக்கில் லண்டனில் அச்சான முப்பது உருப்படிகளின் முன்னுரையில் ஸ்கார்லாட்டி, இதில் ஆழ்ந்த பாண்டித்தியம் எதையும் தேடாதீர்கள், இது கலையோடு ஆடிய சாமர்த்தியமான விளையாட்டு என்கிற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார்.

விளையாட்டு. யாட்டேகோக்!

1757-ல் ஸ்கார்லாட்டி போனார். மறு வருஷம் ராணியும். ராணி தன் இசைப் புத்தகங்களையும் நல்ல வாத்தியங்களையும் ஃபாரினெல்லிக்கு எழுதிவைத்தாள். அப்படித்தான் அந்தப் பதினைந்து தொகுதிகள் இத்தாலிக்கு வந்து, கடைசியில் வெனிஸ் நூலகத்தில் அடைக்கலம் ஆயின. இந்த 555-ல் ஒன்றுகூட ஸ்கார்லாட்டியின் சொந்தக் கையெழுத்தில் கிடைக்கவில்லை. 1947-ல் ரால்ஃப் கிர்க்பாட்ரிக் என்கிற அமெரிக்க ஹார்ப்ஸிகார்டு கலைஞர், அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதற்காக மாட்ரிட் போனார். ஆவணக் காப்பகங்களைப் புரட்டியவர், டெலிபோன் டைரக்டரியையும் எடுத்து ‘ஸ்கார்லாட்டி’ என்று தேடினார். இருந்தது! வாரிசுகள் அதே ஊரில்தான் குடியிருந்தார்கள். இருநூறு வருஷத்து மௌனத்தை ஒரு டைரக்டரி உடைத்த கதை இது. (இப்போது டைரக்டரியும் போய்விட்டது.) சொனாட்டாக்களுக்கு இன்று நாம் சொல்லும் வரிசை எண்கள் இந்த கிர்க்பாட்ரிக் போட்டதுதான். 1980-களில் ஸ்காட் ராஸ் என்பவர் 555-ஐயும் ஹார்ப்ஸிகார்டில் வாசித்துப் பதிவு செய்தார். 34 சி.டி!

லிகெட்டிக்கும் ஸ்கார்லாட்டி என்றால் உயிர். பியானோக் கட்டைகளை உணர்ந்து, விரலாலேயே யோசித்தவர்கள் என்று அவர் நான்கு பேரைச் சொல்வார். ஷோபான், ஷூமான், டெபுஸி மூவருக்கும் முன்னால் ஸ்கார்லாட்டி. நண்பர்கள் இருவரும் இரண்டு தேசத்தில் இருந்துகொண்டு ஒரே கிழவரிடம் பாடம் கேட்டிருக்கிறார்கள்.

குர்டாக்கின் ஸ்கார்லாட்டி வணக்கம் நீண்ட உருப்படி இல்லை. நீங்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தயாராவதற்குள் முடிந்துவிடும். அதில் ஸ்கார்லாட்டியின் மெட்டு எதையும் தேடாதீர்கள். நகல் எடுப்பது குர்டாக்குக்குப் பிடிக்காது. ஒரு பழைய சிநேகிதரின் கையசைவை நினைத்துக்கொள்வது மாதிரியான வேலை அது. லிகெட்டியின் ஃப்ரெஸ்கோபால்டி வணக்கத்தில் ஒரு கட்டடம் எழும்புகிறது. குர்டாக்கின் வணக்கத்தில் ஒருவர் தெருவில் எதிர்ப்பட்டுத் தொப்பியைத் தூக்கிவிட்டுப் போகிறார். எது உசத்தி என்று கேட்டால் என் ஓட்டு லிகெட்டிக்குத்தான். ஆனால், மனசு சரியில்லாத நாளில் நான் எடுத்துக் கேட்பது குர்டாக்கை.

இன்னும் ஒன்று. ஸ்கார்லாட்டிக்கு ஒரு மரியா பார்பரா என்றால், குர்டாக்குக்கு மார்த்தா. 1947-ல் கல்யாணம். அவரும் பியானோக் கலைஞர். குர்டாக் எழுதியதை முதலில் வாசித்துப் பார்ப்பவர், சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்பவர். இருவரும் சேர்ந்து, ஒரே பியானோவில் நான்கு கைகளாக, ‘யாட்டேகோக்’ உருப்படிகளையும் நடுநடுவே குர்டாக் மாற்றி அமைத்த பாஹையும் வாசிப்பார்கள். மேடையில் பெரிய கிராண்ட் பியானோ வேண்டாம் என்று, வீட்டில் வைத்துப் பழகுகிற நிமிர்ந்த பியானோவை வைத்துக்கொள்வார்கள். அதிலும் சத்தத்தை அமுக்குகிற மிதியை அழுத்திவைத்துக்கொண்டு. 2012-ல் பாரிஸில் அப்படி நடந்த கச்சேரியைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். எண்பது தாண்டிய இருவர், சபைக்கு முதுகைக் காட்டியபடி ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் கை இவர் கையைத் தாண்டிப் போகிறது, இவர் கை அவர் கைக்குக் கீழே புகுந்து வருகிறது. சில இடங்களில் எந்த விரல் யாருடையது என்றே தெரிவதில்லை. பக்கத்து அறையில் யாரோ தூங்கிக்கொண்டிருப்பது மாதிரி அவ்வளவு மெதுவாக வாசிக்கிறார்கள்.

2019 அக்டோபரில் புடாபெஸ்ட்டில் மார்த்தா காலமானார்.